பாதி மீசை

மார்ச் 17, திங்கள்

அட்டையில் ஐந்து பேர்.

காலையில் வெயில், மதியம் தூசிக் காற்று. ஹோலி முடிந்தும் சந்து நாய்க்கு ஒரு காது இன்னும் ரோஸ் நிறம். நான்காவது மாடிக்கு இட்லி மாவு கொடுக்கப் போனேன். மீனா அக்காவின் மேசை மேல் ஒரு கனமான பெட்டி, புத்தகம் மாதிரி. மேலே பளபளவென்று ‘அரையாண்டு லீவு’. எங்கள் படம், வீட்டில் ஓயாமல் பார்க்கும் சினிமா! அதே பள்ளிக்கூடத்து கேட், அதே வேப்பமரம். ஆனால் ஐந்து பேர் நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டு சி.டி. அட்டையில் நான்கு பேர்தான். ஓரத்தில் விலை ஸ்டிக்கர். உரித்தால் படம் கிழியும் என்று அம்மா தொடவே விட்டதில்லை. அந்த ஸ்டிக்கருக்கு அடியில் இத்தனை வருடமாக, படத்தில் வரும் வசந்தா நின்றிருக்கிறாள்.

மீனா அக்கா (திருநெல்வேலி, எம்.ஏ. படிக்கிறார்) திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். “ஏட்டி மாவு! எப்ப வந்த? நீ கதவத் தட்டுறது பல்லிக்குக்கூடக் கேக்காதுட்டி.”

அங்கே என் பெயர் மாவு. புவனா என்று சொல்லலாம். இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

“இந்தப் படம் பாத்திருக்கியா?”

தலையாட்டினேன்.

“பழைய நெகட்டிவத் தேடிப் புடிச்சி, சுத்தம் பண்ணி, புதுசா டிஸ்க் போட்டிருக்காங்க. எங்கூடப் படிக்குத ஷாலுவோட அப்பா வாங்குனது. சனிக்கெழம மொட்ட மாடில போடுதோம். நீயும் வா. அம்மையையும் கூட்டிட்டு வா.”

பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இரண்டாவது மாடி வந்த பிறகு “சரிக்கா” என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

காற்று இல்லை. மாவு நன்றாகப் பொங்கியது. குளிர் போய்விட்டது என்று மாவுதான் முதலில் சொல்லும்.

அம்மாவிடம் சொன்னேன். கிரைண்டரை நிறுத்தாமலே கேட்டாள்.

“எதுக்குடி சுத்தம் பண்ணணும்? நம்ம படம் நல்லாத்தான இருக்குது?”

நல்லா இல்லை. சி.டி. பெரியப்பாவுடையது, ஊரிலேயே கீறல். டெல்லி வரும் முன் மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றினோம். கீறலும் சேர்ந்தே ஏறியது. முழுப் படம் நெட்டில் எங்கும் இல்லை. பாட்டு மட்டும்தான். தேடிப் பார்த்தாயிற்று.

சனிக்கிழமைக்குப் பிறகு மாறிவிடும். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன், எங்கள் படம் எப்படி என்று.

பத்தாம் வகுப்பில் ஐந்து சிநேகிதர்கள். வசந்தா கடைசி பெஞ்ச், விசிலில் அவளை அடிக்க ஆளில்லை. ஐந்து பேரும் அரையாண்டுப் பரீட்சையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறார்கள். கொஞ்ச நாளில் வசந்தாவைக் காணோம். யாரும் அவளைப் பற்றிப் பேசவும் இல்லை. பிறகு ஹெச்.எம். வெள்ளைச் சட்டையில் சைக்கிளில் துரத்துகிறார், மீசை துடிக்கிறது, கம்பைத் தூக்கிக்கொண்டு “இன்னைக்கு ஒருத்தனையும் வி—”

அவ்வளவுதான், அங்கே கீறல். அடுத்த நொடி ஆண்டுவிழா மேடை. அதே ஹெச்.எம்., கழுத்தில் மாலை, கடவுள் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறார். ஒரு பக்க மீசை இல்லை!

எங்கள் வீட்டில் படத்திலேயே பெரிய சிரிப்பு இதுதான். அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் புரையேறிவிடும். அம்மா என்னைத் திட்டும்போது பாதியில் கரண்ட் போனால் நான் “பாதி மீசை” என்பேன், திட்டு முடிந்துவிடும்.

தெரியாதவை:
மீசை எப்படிப் போனது. (அம்மா: எலி கடித்திருக்கும். அப்பா: பந்தயத்தில் தோற்றிருப்பார்.)
கடைசிக் காட்சியில் ‘கீச்’ என்று ஒரு சத்தம். கீறலாக இருக்கலாம். அது கேட்டதும் ஹெச்.எம். இல்லாத மீசையை முறுக்குவார். ஏன்?
வசந்தா எங்கே போனாள்.

மூன்றாவதுக்கு முன்பெல்லாம் அம்மா “கட்டிக் குடுத்திருப்பாங்க” என்பாள். நான் ஒன்பதாவதில் நின்ற பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இங்கே இந்திப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு. கிரைண்டருக்கும் ஆள் வேண்டியிருந்தது.

மார்ச் 20, வியாழன்

போக மாட்டேன்.

எல்லாரும் படிக்கிறவர்கள். யாராவது “நீ என்ன படிக்கிறே?” என்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டாம்.

உளுந்து வாங்க வேண்டும். ரப்பர் பேண்டு தீர்ந்துவிட்டது. மோமோ கடைக்காரர் இன்றைக்கும் “ஏ இட்லிவாலி, ஒரு நாளாவது பதில் பேசேன்” என்றார் இந்தியில். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் பார்த்தாரா தெரியாது.

அம்மா இட்லிப் பொடி அரைக்கிறாள். எதற்கு என்றேன்.

“சும்மா கைய வீசிக்கினா போறது, படம் பாக்க?”

“நான் வரல.”

“வராட்டி போ. அந்தப் புள்ள எங்க போச்சுன்னு நான் மட்டும் பாத்துட்டு வரேன். உனக்குச் சொல்ல மாட்டேன்.”

மார்ச் 23, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை, சிரித்துச் சிரித்து விலா வலி. இன்றைக்கும் இருமினால் வலிக்கிறது.

போனேன். நீல சுடிதார்.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே பாய், போர்வை. கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது, அதுதான் திரை. யாரிடமோ வாங்கி வந்த புரொஜக்டர் செங்கல் மேல். ஷாலு அக்கா மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வந்திருந்தார். இங்கேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. டிஸ்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, விளிம்பு மட்டும் தொட்டு எடுத்தார்.

“யாரும் தொடாதீங்க ப்ளீஸ். ஒரு ஸ்க்ராட்ச் வந்தா கூட அப்பா என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டார். நாலு மாசம் வெயிட் பண்ணி வாங்கினார்.”

அம்மா என் காதில், “நம்ம சி.டி.ய இவங்கப்பா பாத்தா மயக்கம் போட்டுடுவாரு” என்றாள்.

இருட்டியதும் போட்டார்கள்.

என்ன நிறம்! எங்கள் போனில் எல்லாம் டீ கலர். இங்கே வேப்பமரம் பச்சை. வசந்தாவின் ரிப்பன் சிவப்பு, நான் கருப்பு என்று நினைத்திருந்தேன். வகுப்புச் சுவரில் பல்லி ஒன்று ஓடியது. இத்தனை தடவை பார்த்தும் அந்தப் பல்லியைப் பார்த்ததில்லை. வசனம் ஒவ்வொன்றும் வரும் முன்பே என் வாய் அசைந்தது. ஷாலு அக்கா கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். “ஏட்டி ஷாலு, கொஞ்சம் பொறுத்துச் சிரி, நாங்க கேக்க வேண்டாமா!” என்று மீனா அக்கா போர்வையால் அவர் தலையை மூடினார்.

வசந்தா காணாமல் போனாள். யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. இங்கேயும் அப்படித்தான்.

ஹெச்.எம். சைக்கிளில் வந்தார். மீசை துடித்தது. கம்பைத் தூக்கினார். “இன்னைக்கு ஒருத்தனையும் வி—”

அம்மாவும் நானும் ஒன்றாக வெடித்துச் சிரித்தோம். அம்மா தொடையில் தட்டி “பாதி மீசை!” என்று கத்தினாள்.

“—ட மாட்டேன்” என்று முடித்தார் ஹெச்.எம். சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். வேட்டியைச் சரி செய்தார். மீசை முழுதாக இருந்தது.

எல்லாத் தலையும் எங்கள் பக்கம்.

“என்னத்துக்குச் சிரிச்சீங்க?” என்றார் மீனா அக்கா.

எழுந்து படிக்கட்டுக்கு ஓடியிருப்பேன். என் துப்பட்டா மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இருந்தேன்.

அப்போது படிக்கட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி. காய்ந்த துணி எடுக்க வந்திருக்கிறார். இடுப்பில் கை.

“யே சாதர் கிஸ்கி ஹை?”

விரிப்பு யாருடையது என்று அவர் கேட்கும்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அது அவருடையது என்று. அவருடைய விரிப்பு முழுக்க ஹெச்.எம். முகம்.

ஹெச்.எம். ஒரு சலூனுக்குள் நுழைந்தார். “நாளைக்கு ஆண்டுவிழா. மீசைய லேசா ஒதுக்கிவிடுப்பா” என்று கண்ணை மூடிச் சாய்ந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. கண்ணாடியில், அவருக்குப் பின்னால், தோல் வாரில் கத்தி தீட்டிக்கொண்டு—

“அங்க இருக்கா!” என்றேன். சத்தமாக. எழுந்தே நின்றுவிட்டேன், துப்பட்டா கிழிந்தது.

வசந்தா! சிவப்பு ரிப்பன். அவள் அப்பாவுடைய கடை. நான்கு பேரும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள், எட்டுக் கால் தெரிகிறது.

ஹெச்.எம். கண்ணைத் திறந்து பார்த்தார். “நீயா? ஏம்மா பள்ளிக்கூடம் வரதில்ல?”

“அப்பாவுக்குக் கை நடுங்குது சார். அசையாம இருங்க.”

“பத்தாவதையாவது முடிச்சிருக்கலாமே.”

“மொதல்ல உங்க மீசைய முடிக்கலாம் சார். அசையாம இருங்க.”

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தும்மல். ஹெச்.எம். “யார்ரா அது!” என்று துள்ளினார். போச்சு. ஒரு பக்கம் முழுசாக.

அவர் கண்ணாடியைப் பார்க்கிறார். வசந்தா கத்தியைத் துடைக்கிறாள், நிதானமாக. “மத்த பக்கத்தையும் எடுத்துடுறேன் சார், சமமா இருக்கும். அதுக்கு முன்னாடி அவங்க நாலு பேரையும் அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

ஹெச்.எம். யோசித்தார். நுரையைத் துண்டால் துடைத்தார். கம்பை எடுத்தார். “கொள்கைதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டுப் பாதி மீசையோடு வெயிலில் இறங்கி நடந்தார்.

“ஆதி மூச்!” என்று ஆன்ட்டி அலறினார். அதேதான், அம்மா சொன்னதேதான், இந்தியில். பாயில் தொப்பென்று உட்கார்ந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதுவரை இருவரும் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவருக்கு. வசந்தாவைக் காட்டி “யே லட்கி சஹி ஹை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார், இந்தப் பெண் சரியான ஆள் என்று.

கடைசிக் காட்சி. ஆண்டுவிழாக் கூட்டத்தில் எங்கோ பின்னாலிருந்து விசில். கீறல் இல்லை, விசில்! அவள்தான், மதில்மேல் நிற்கிறாள். ஹெச்.எம். அந்தப் பக்கம் பார்த்து, இல்லாத மீசையை முறுக்குகிறார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த தண்ணீர் என்றாள். என்னைப் பார்த்து மெதுவாக, “கட்டிக் குடுக்கலடி. கடையில இருந்திருக்குது” என்றாள்.

விளக்குப் போட்டதும் மீனா அக்கா விடவில்லை. “இப்பச் சொல்லுங்க. அந்த எடத்துல ஏன் சிரிச்சீங்க?”

அம்மா சொல்லச் சொல்ல யாருக்கும் புரியவில்லை. நான் போனை எடுத்தேன். எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். டீ கலர் ஹெச்.எம். கம்பைத் தூக்கினார். “ஒருத்தனையும் வி—” மாலை, மேடை, பாதி மீசை.

மீனா அக்கா பாயில் உருண்டார். “இன்னொரு தடவ! ஏட்டி, இன்னொரு தடவ!” ஆன்ட்டிக்குத் தனியாக ஒரு தடவை. ஷாலு அக்கா என் கையைப் பிடித்து, “சீரியஸ்லி, உங்க வெர்ஷன்தான் பெஸ்ட். அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். இந்த முறை அவர் எல்லாரோடும் சேர்ந்துதான் சிரித்தார். எங்கள் படத்தில் கீழே இங்கிலீஷ் இல்லையே.

யாரும் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. இப்போதுதான்.

படுக்கை விரிப்பை நாங்களே மடித்துக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமையும் அதையே கட்டிக்கொள்ளச் சொன்னார் ஆன்ட்டி.

இன்று காலை அப்பா நொய்டா வேலையிலிருந்து வந்தார். மீசை விஷயத்தை நானும் அம்மாவும் நடித்துக் காட்டினோம். நான் வசந்தா. அப்பா, “அப்ப எலி இல்லியா?” என்றார். அவர் சொன்னது எலி இல்லை, பந்தயம். எலி தன்னுடையது என்று அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வெயில் ஏறுகிறது. மாவு சீக்கிரம் புளிக்கிறது. பாக்கெட்டை நிழலில் வைக்க வேண்டும்.

விசிலுக்கு இரண்டு விரல், நாக்கை மடித்து உள்ளே தள்ள வேண்டும். வெறும் காற்றுதான் வருகிறது. எச்சிலும்.

கிரைண்டர் ஓடும்போது பழகினால் யாருக்கும் கேட்காது.

மார்ச் 27, வியாழன்

கேட்டுவிட்டது. திடீரென்று ஒன்று வந்துவிட்டது, சின்னதாக, கீச்சென்று. அம்மா ஓடி வந்து கிரைண்டரை நிறுத்தினாள்.

“பெல்ட்டு போச்சாடி?”

மூடியைத் திறந்து, கல்லைத் தூக்கி, அடியில் எல்லாம் பார்த்தாள். நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, சனி

காற்று இல்லை, வானம் சுத்தம். அம்மா நேற்றிலிருந்து பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான்காவது மாடிக்கு இரண்டு பாக்கெட். முதல் படியில் கால் வைத்தேன். எடுத்துவிட்டேன். மோமோ கடைக்கு எதிரே, சந்து நடுவில் வந்து நின்றால் ஒயர்களுக்கு இடையே மீனா அக்காவின் ஜன்னல் தெரியும். மாவுப் பையைக் கீழே வைத்தேன். கையைச் சுடிதாரில் துடைத்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தேன்.