முதல் பெஞ்சிலிருந்து

என் செல்லத்துக்கு,

வகுப்பில் உன்னோடு பேசக் கூடாது, வீட்டில் வகுப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்றாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லாததை நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று இன்று நீதானே காட்டினாய்!

பிள்ளை வளர்த்து முடித்துப் படிக்க வந்த எனக்கு உன் வகுப்பிலேயே இடம் கிடைத்தால் நான் என்ன செய்ய? நான் யாரென்று உன் சிநேகிதிகளுக்குத் தெரிய வேண்டாம் என்பதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

இன்று இயற்கணித வகுப்பில், பேராசிரியர் 'குரூப்' என்று சொல்லும் குலங்களைப் பற்றிய கணக்கைப் பலகையில் நிரூபித்தாய். பேராசிரியர் தலையாட்டினார். வகுப்பே எழுதிக்கொண்டது, நானும்தான். இருக்கைக்குப் போகிற வழியில் சட்டென்று நின்றாய். திரும்பிப் போய் எல்லாவற்றையும் அழித்தாய்.

"ஸாரி சார், ரெண்டு உறுப்பையும் இடம் மாத்திப் பெருக்கிட்டேன். எண்ணுன்னா சரி, எல்லாக் குலத்துலயும் அது செல்லும்னு சொல்ல முடியாது. இதுல மாத்தலாம்னு கேள்விலயும் குடுக்கல."

யாருமே கவனிக்காத தப்பு. பேசாமல் போய் உட்கார்ந்திருக்கலாம். காது சிவக்க நீ முதல் வரியிலிருந்து மறுபடி போட்டபோது, கைதட்டிவிடுவேனோ என்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பெண் கேட்டாள், "அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாதும்மா," என்றேன், உன் உத்தரவுப்படி.

"இவளப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க."

அதற்கு மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆமாம்மா, ரொம்ப," என்றேன்.

முதல் பெஞ்சில் உட்காரும்,
கொடுத்து வைத்தவள்