உள்ளே படித்தவை

ஜனவரி 6

என் கணக்குப் புலிக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன் செய்தால் "ம்", "சரி", "அப்புறம் பேசறேன்" தவிர நான்காவது வார்த்தை உங்கள் வாயிலிருந்து வருவதில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை தலைமை நூலகத்துக்குப் போகும் தபால் பையில் இனி கடிதம் போடுவதாக முடிவு செய்துவிட்டேன். பையைத் திறந்துதானே ஆகவேண்டும்?

சுற்றறிக்கை வந்தது. எத்தனை புத்தகம் படிக்கப்பட்டது என்று மாதாமாதம் நாங்கள் கையால் எழுதி அனுப்பும் பயன்பாட்டு அறிக்கை இனி வேண்டாமாம். வெப் சர்வீஸ் வழியாகக் கணினியே எடுத்துக்கொள்ளுமாம். கீழே உங்கள் கையெழுத்து. துப்புரவு அக்காவிடம் காட்டினேன். "உங்க வீட்டுக்காரரா? என்னமா வளைச்சிருக்காரு!" என்றார். பெருமையாகத்தான் இருந்தது, போங்கள்.

இரண்டாம் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். மூன்று மாதம் தொடர்ந்து ஆயிரத்து ஐந்நூறு பயன்பாடு காட்டினால் அந்தக் கிளை நூலகர் கேட்ட ஊருக்கு மாற்றல்! அதேபோல் நூற்றுக்குக் கீழே போனால் கிளைக்கு மூடுவிழா. நமக்கென்ன பயம்? என் கிளை இரண்டாயிரத்துக்குக் குறைந்ததே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டரை வருஷம் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டது. மே மாதம் நம் வீட்டில் இருப்பேன். சமையலறை ஜன்னலுக்குத் திரைத்துணிகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

அது சரி, வெப் சர்வீஸ் என்றால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி

ஜனவரி 13

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தை அலுவலகக் காகிதம் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் பிரித்துத் தொலைத்தேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

வெப் சர்வீஸ் பெரிய வித்தை இல்லை. ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு என் கணினி ஒவ்வொரு கிளையின் கணினியையும் கூப்பிட்டு, "போன மாதம் எத்தனை?" என்று கேட்கும். அது எண்ணைச் சொல்லும். அந்த எண் நேராக இயக்குநரின் அறிக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் மனிதக் கை படாது. நூற்றுப் பன்னிரண்டு கிளைகளின் தாள்களை மூன்று பேர் பத்து நாள் கூட்டிக்கொண்டிருந்தோம், அந்தத் தலைவலி தீர்ந்தது.

மாற்றலைப் பற்றி இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. திரைத்துணியும் வாங்காதே. இங்கே வீடு எவ்வளவு சிறியது என்று உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
புலி

பிப்ரவரி 3

புலியாரே,

அறுபத்தொன்று! உங்கள் அறிக்கையில் என் கிளைக்கு நேரே அறுபத்தொன்று என்று போட்டிருக்கிறது. பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. என் கிளையைச் சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்பு, ஓர் அறைக்கு ஆறு பேர். முகவரிச் சான்று யாரிடம் இருக்கிறது? சான்று இல்லாமல் கார்டு கிடையாது, கார்டு இல்லாமல் புத்தகம் வெளியே போகாது. அதனால் ஷிப்ட் முடிந்து நேரே இங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். மூடும்போது மேசைகளில் கிடக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, 'உள்' என்று அழுத்தி ஸ்கேன் செய்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறேன். போன மாதம் உள்ளே படித்தவை 2,140. வெளியே போனவை 61. உங்கள் கணினி வெளியே போனதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டது!

பழைய தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்ததே, ஐயா. அவசரத்தில் விட்டுப் போயிருக்கும். சீக்கிரம் சரிபண்ணிவிடுங்கள். தையல் ஆலையில் வேலை செய்கிற ஒருத்தி நர்சிங் தேர்வுக்கு இங்கே வந்து படிக்கிறாள். "அக்கா, நீங்க மாத்தலாகிப் போயிட்டா எனக்குப் புத்தகம் யாரு எடுத்து வைப்பா?" என்று இப்போதே அழுகிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே சொல்லத்தான் வெட்கம்.

உங்கள்
வாயாடி

பிப்ரவரி 10

அன்புள்ளவளுக்கு,

நீ நினைக்கிற மாதிரி எளிதான காரியம் இல்லை. கோளாறு உன் பக்கம்தான் என்று தோன்றுகிறது. உன் கணினியில் கிளை எண் 47 என்று இருக்கும். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பார். 'உள்' என்று பதிந்த எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடு. கணினியையும் துடைத்து வை, தூசி சேர்ந்தாலும் இப்படி ஆகும்.

ஞாயிறு வருகிறேன்.

புலி

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸிலிருந்து பத்தரை மணி பஸ் வரைக்கும் நின்றேன். வரமுடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

நீங்கள் சொன்னபடி பூஜ்யம் சேர்த்தேன். இந்த மாதம் அறிக்கையிலும் பூஜ்யம்தான் வந்திருக்கிறது! அறுபத்தொன்றும் போச்சு. இரண்டாயிரத்து நூற்று நாற்பது பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், ஆறு நாள் ஆனது, ஒன்றுகூடத் தப்பில்லை. கணினியைத் துடைத்தேன், அதன் அடியில் ஒரு பொத்தான் கிடைத்தது, அவ்வளவுதான். என் புத்திக்கு எட்டாத ஏதோ தப்பை நான்தான் செய்கிறேன் போலிருக்கிறது. கோபப்படாமல் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள், பிடித்துக்கொள்வேன்.

இன்னும் ஒரு மாதம் இப்படி வந்தால் மாற்றலும் இல்லை, கிளையும் இல்லை. தெரியும்தானே?

உங்கள்
வாயாடி

மார்ச் 10

அன்புள்ளவளுக்கு,

பூஜ்யத்தை எடுத்துவிடு. சர்வர் மாற்றுகிறார்கள், இப்போது எதிலும் கை வைக்க முடியாது. முடிந்தால் வீடுவீடாகப் போய் எல்லோரையும் கார்டு எடுக்க வை.

பொறுமையாக இரு. மாதாமாதம் கடிதம் தேவையில்லை, அவசியமானால் மட்டும் எழுது.

புலி

ஏப்ரல் 7

உங்களுக்கு,

ஐம்பத்தெட்டு. நேற்று மூடல் உத்தரவு வந்தது.

இதற்கு மூன்று வாரம் வீடுவீடாக அலைந்தேன். நாற்பது கதவு தட்டி நாலு கார்டு. அதில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கிளை நூலகர்கள் கூட்டம். பக்கத்துக் கிளைக்காரர், அதுதான் அந்த வழுக்கைத் தலையர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முதல் மாதம் குறைவாகத்தான் வந்ததாம், உள்ளே படித்தவை சேரவில்லையாம். "உடனே உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேம்மா. தங்கமான மனுஷன்! ப்ரோகிராம்ல ஒரு வரிதான் சார், மதியத்துக்குள்ள சேர்த்துடறேன்னாரு. சேர்த்துட்டாரு. எல்லாக் கிளைக்கும் அன்னிக்கே சரியாயிடுச்சே, உங்களுக்கு ஆகலையா?" என்று கேட்டார். "ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனேன்.

அவர் போன் செய்தது பிப்ரவரி நாலாம் தேதி. பத்தாம் தேதிதான் நீங்கள் எனக்குத் தூசி துடைக்கச் சொல்லி எழுதினீர்கள்.

நூற்றுப் பதினோரு கிளைகளுக்கு அந்த ஒரு வரி இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இல்லை? சர்வர், அது இது என்றால் பையைத் திரும்ப அனுப்பிவிடுவேன். உள்ளதைச் சொல்லுங்கள்.

நான்

ஏப்ரல் 14

உனக்கு,

நீ கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி நாலாம் தேதி மதியம் எல்லாக் கிளைகளுக்கும் வரியைச் சேர்த்தேன். 47க்கு வந்தபோது கை நின்றது. நாளை சேர்க்கலாம் என்று விட்டேன். மறுநாள், சேர்க்கவேண்டாம் என்று தோன்றியது. பூஜ்யம், தூசி எல்லாம் உன்னை எதிலாவது ஈடுபடுத்தி வைக்கச் சொன்னவை.

வேறு பெண் யாரும் இல்லை. இருந்தாலாவது நீ திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். நீ மாற்றலாகிப் போன முதல் ஞாயிறு காலையில் எழுந்தேன். வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், ஏன் முகம் இப்படி இருக்கிறது, என்ன யோசனை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று உன்னிடம் சொல்ல முடியுமா? ஒன்பது வருஷத்தில் நான் உன்னை நினைத்து ஏங்கிய ஒரு நாளைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ நல்லவள். அதனாலேயே வராதே என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. கணினி சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளையை மூடுவார்கள் என்பது தெரியும். உனக்கு வேறு ஏதாவது தூரத்துக் கிளை கொடுப்பார்கள். அங்கேயும் நாலு பேர் சிநேகமாகிவிடுவார்கள், உனக்கு அது வரும்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

ஜூன் 2

ஐயா,

பதில் வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, தகவல்.

சனிக்கிழமையோடு கிளையை மூடியாயிற்று. லாரிக்காரர்கள் புத்தகங்களைச் சாக்கில் போட்டுத் தூக்கினார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தையல்காரப் பெண்ணுக்குத் தேர்வு இருபதாம் தேதி. "எதுக்குக்கா மூடுறாங்க?" என்றாள். "யாரும் படிக்கலையாம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அழுதேன். ஒன்பது வருஷமாக என் சாப்பாட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முட்டாளை நினைத்து அழுதேன், உங்களுக்காக இல்லை. மறுநாள் சுற்றறிக்கையை முழுவதும் படித்தேன். மூடிய கிளையின் நூலகரை வேறு கிளைக்கு அனுப்பமாட்டார்கள். தலைமை நூலகத்தில்தான் சேர்ப்பார்கள். கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது படித்தீர்களோ என்னவோ.

இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். 47ஆம் கிளையின் பதிவேடுகளைக் காட்டினேன். அரைமணி நேரம் புரட்டினார். "தானா வர்ற அறிக்கையைச் சரிபார்க்க ஒரு ஆள் இல்லாதது தப்புதாம்மா. மூடின கிளையைத் திறக்க என் கையில் அதிகாரம் இல்லை. உங்களுக்கு எந்தப் பிரிவு வேணும், சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

அந்த வரி எப்படி விட்டுப்போனது என்றும் கேட்டார். "விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். உங்கள் ஏப்ரல் 14 கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுக்கவே மாட்டேன் என்று உங்களுக்கு வாக்கும் தரவில்லை. எந்த நாள் கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது, நீங்கள் தினமும் காலையில் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதீர்கள். பெண்கள் விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. வருகிற திங்கள், எட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பணியில் சேர்கிறேன். உங்களுக்கு எதிர் மேசையைக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் உங்கள் டிபன் டப்பா, குடை ஏதாவது இருந்தால் அதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சரிபார்ப்பு அலுவலர்
புள்ளிவிவரப் பிரிவு