பிரிக்காத சாடி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அப்படியே இருக்கவேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து அம்மா அம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், காகிதத்தில் அது நடக்காது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்புக்கு இதுவே அதிகம்.

அன்றைக்கு நம் ஊறுகாய்ப் பொட்டலம் கட்டும் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக் கூடாது. உன் அப்பா, ஜன்னலோரம் நாற்காலியில். உன் அண்ணன், உட்காராமல் நின்றுகொண்டு. உன் அண்ணி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. முனைக்கடை மளிகைக்காரர், செருப்பைக் கழற்றாமல். பொட்டலம் கட்டுகிற நெட்டை. நான். அப்புறம் நீ, உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள்.

எல்லாம் அந்த மளிகைக்காரரால் வந்தது. என் எலுமிச்சை ஊறுகாயை ஒரு பெட்டி நிறையத் திருப்பிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். பெரியம்மா, இப்பல்லாம் இவ்வளவு உப்பும் காரமும் யாரு சாப்பிடுறாங்க, பாட்டிலைத் திருப்பி உப்பு எவ்வளவுன்னு படிச்சுப் பார்த்துட்டு அப்படியே வச்சுட்டுப் போயிடுறாங்க என்றார். ஊறுகாயை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், படித்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன். சிரிக்கிறார். இளவட்டமெல்லாம் இனிப்பாக, ரொட்டியில் தடவுகிற மாதிரி கேட்கிறார்களாம். தடவுவதற்கு அது என்ன தலைவலித் தைலமா. இதே ஆள் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் அவர் அம்மா கிண்ணத்தைக் கொடுத்து நம் வீட்டுப் பின்வாசலுக்கு அனுப்புவாள், வீடு போய்ச் சேருவதற்குள் பாதிக் கிண்ணத்தை வழியிலேயே நக்கித் தீர்த்துவிட்டு, கொட்டிப்போச்சு என்று அழுவார். அவருக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கவில்லை.

அவர் அப்படிச் சொன்னதும் உன் அண்ணன் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உன் அண்ணி எனக்குத் தெரியாமல் ஒரு மாசமாகப் புது ஊறுகாய் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எலுமிச்சையை அன்றைக்கே வேகவைத்து சர்க்கரைப் பாகில் போட்டு, கடையில் வினிகர் என்று விற்கிற காடி கொஞ்சம் விட்டு இறக்குவது, ஒரு வாரத்தில் தயார். என்னுடையது உப்பில் கிடந்து வெயிலில் காய்ந்து சாடியில் ஒரு வருஷம் அடங்கிக் கறுத்து வருகிறது, அவளுடையது கல்யாணத்துக்குப் போகிற பெண் மாதிரி மஞ்சளாக மினுக்குகிறது. வண்டிக்காரன் எலுமிச்சை கொண்டுவர இன்னும் ரெண்டு மூணு நாள்தான், எனக்கு வேண்டியது தடித்தோல் பழம், அவளுக்கு வேண்டியது மெல்லிய தோல் பழம், இரண்டையும் வாங்க இடமும் இல்லை ஆளும் இல்லை. எது என்று இப்பவே முடிவு பண்ணுவோம்மா, புதுசுதான்னு ஆச்சுன்னா பின்னறைச் சாடியையெல்லாம் கொடுத்துட்டு அங்க குளிர்பெட்டி வச்சுக்கலாம் என்றான் உன் அண்ணன். குளிர்பெட்டி வாங்கும் இடம் வரைக்கும் விசாரித்து வைத்துவிட்டு, என்னிடம் முடிவு பண்ணுவோம் என்கிறான்.

சரி, உன் தாத்தா வைத்த முறைப்படியே ஆகட்டும் என்றேன். அந்த முறை உனக்குத் தெரியும். போட்டவள் கரண்டி வைக்கக் கூடாது. ருசி பார்க்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, ஒருத்தர் சொல் இன்னொருத்தர் நாக்கைக் கெடுக்கும் என்பார். வெந்நீரில் வாயைக் கொப்பளித்து, இரண்டையும் ருசி பார்த்து, எது பிடித்ததோ அதற்கு முன்னால் கரண்டியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். நானும் உன் அண்ணியும் போட்டவர்கள், ஆகவே ஒதுங்கி நின்றோம். உனக்கும் ஒரு ஓட்டு வேண்டும் என்று சொன்னது நான்தான். இங்கே வந்திருந்த உன் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே திரும்பும்போது உன் அண்ணன் என் சாடி ஒன்றையும் அந்தப் புதுசில் ஒரு பாட்டிலையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறான், அதனால் உன்னிடமும் இரண்டும் இருந்தன. சின்னவளையும் கூப்பிடுங்க, அவ நாக்கு என் நாக்கு என்றேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

மளிகைக்காரர் தயங்காமல் இனிப்புக்கு முன்னால் கவிழ்த்தார். உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்திலேயே கவிழ்த்தான். பால்குடி மறப்பதற்கு முன்னால் என் சுண்டுவிரலில் ஊறுகாய்ச் சாறு நக்கியவன். நெட்டை என் பக்கம் வைத்தாள், வைத்துவிட்டு உன் அண்ணியைப் பார்த்து முறைக்கவும் செய்தாள், அவளுக்கு இந்த வருஷம் நல்ல சேலை எடுத்துக் கொடுக்கப் போகிறேன். உன் அப்பாவும் என் பக்கம்தான் வைத்தார். ஆனால் சாயங்காலம் பார்த்தால் அந்த இனிப்புப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வழித்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம். சர்க்கரையை ஏற்றச் சொன்னாரா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. மிச்சம் உன் கரண்டிதான். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீ சிரித்துக்கொண்டே, ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்மா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியல என்றாய். அப்படின்னா சமம், கடையில எது ஓடுதோ அதைப் போடுவோம் என்று உன் அண்ணன் கையைத் தட்டிவிட்டான். முடிந்தது.

எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் முகத்துக்குப் பின்னால் பார்த்தேன். உன் வீட்டு ஜன்னல் பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இனிப்புப் பாட்டில் பாதிக்கு மேல் காலி. என் சாடியின் வாயில் நான் கட்டின வெள்ளைத் துணியும் சிவப்பு நூலும் கட்டினது கட்டினபடி. அந்த முடிச்சு எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும், நூலை அறுக்காமல் ஒருத்தராலும் திறக்க முடியாது. நீ திறக்கவேயில்லை. திறக்காமலே ருசி சொன்னாய்.

அங்கேயே கேட்டிருப்பேன். மளிகைக்காரர் இருந்தார், உன் அண்ணி இருந்தாள். பொய்க்காரி என்று என் பெண்ணை இன்னொருத்தர் பார்க்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வெந்நீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தோற்றதால் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தார்கள், நினைக்கட்டும். நீ முதல் தடவை கிளம்பின அன்றைக்கு விமான நிலையத்தில் காவலாளி உன் பையிலிருந்து சாடியை எடுத்து ஓரமாக வைத்தபோது தேம்பித் தேம்பி அழுதாயே, அம்மாவைப் பிரியுறதுக்கு அழுறியா ஊறுகாயைப் பிரியுறதுக்கு அழுறியா என்று உன் அப்பா கேலி பண்ண, ரெண்டும் ஒண்ணுதான்பா என்றாயே. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் உனக்கென்று தனியாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இனிப்புதான் எனக்குப் பிடிக்குதும்மா என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பேன், மறுநாள் எழுந்து உன் அண்ணிக்குச் சர்க்கரை அளந்து கொடுத்திருப்பேன்.

சாடிகள் போய்விட்டன, குளிர்பெட்டி வந்து பின்னறையில் உறுமிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரனிடம் ஒரு கூடை மட்டும் தடித்தோல் பழம் கேட்டு வாங்கி, ஒரே ஒரு சாடி போட்டு என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதோட நெடி இரும வைக்குது என்கிறார் உன் அப்பா, வேறு அறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பேரனுக்குக் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். எல்லோரும் நீண்ட ஆயுசோடும் நோய்நொடி இல்லாமலும் இருக்கவேண்டும், இந்த வேண்டுதலில் உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்று மறக்காதே, அந்தச் சாடியை இனிமேல் பிரிக்க வேண்டாம், இந்தப் பக்கம் வருகிறவர் யார் கையிலாவது நூலோடு திருப்பி அனுப்பு.

மளிகைக்காரர் வியாபாரி, அவரை விட்டுவிட்டேன். உன் அண்ணன் பிழைப்பைப் பார்க்கிறான், அவனையும் விட்டுவிட்டேன். உன் அண்ணி திருட்டுத்தனமாகச் செய்தாலும் நன்றாகத்தான் செய்திருக்கிறாள், ருசி பார்த்தேன், அவளிடம் சொல்லிவிடாதே. உன் அப்பா பொய் சொன்னாலும் என் பக்கம் நின்று பொய் சொன்னார். நான் மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒரு ஆளை. சின்னக்குட்டி, அது நீ.

இப்படிக்கு,
உன் அம்மா