அப்பா சண்டை போடாத மூன்று கடிதங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடுகிறவன் எனக்குப் புதிர்க் குறுக்கெழுத்து கற்றுக்கொடுக்கிறான். "குறிப்பு சொல்றது ஒண்ணு, கேக்கறது ஒண்ணுடா. எந்த வார்த்தையும் சும்மா வராது, எல்லாத்தையும் சந்தேகப்படு" என்கிறான்.

அதே பழக்கத்தில் உன் கடைசி மூன்று கடிதங்களையும் மறுபடி படித்தேன். ஒவ்வொன்றிலும் "அப்பா சௌக்கியம்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய். ஆனால் ஒன்றில்கூட அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பால்காரரோடுகூடவா போடவில்லை? என்ன மறைக்கிறாய்?

என் கையெழுத்து கோணலாக இருப்பது இடது கையால் எழுதுவதால். வலது கையில் இஸ்திரிப் பெட்டி லேசாகப் பட்டுவிட்டது, அவ்வளவுதான். இதில் போய்க் குறிப்பு தேடாதே.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. பதிலில் அப்பாவையே இரண்டு வரி எழுதச் சொல். என்னைத் திட்டியே எழுதட்டும்.

உன் மகன்