மடங்கிய கால்விரல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இசைவாணி எழுதுகிறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் தீக்காய வார்டில் சின்னதாக ஒரு சச்சரவு. பயப்பட வேண்டாம். ஒரு பெரியவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறதா என்றால் இல்லை என்றார். ஆனால் கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன.

ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனியில் உங்கள் கை வெந்தபோது, புண்ணோடு ஒட்டிக் காய்ந்த கட்டுத்துணியை ஆஸ்பத்திரி நர்ஸ் வெடுக்கென்று இழுத்தார். "ஒண்ணுமில்ல தாயி, நீங்க பாட்டுக்குப் பாருங்க" என்று சிரித்தீர்கள். கால்மாட்டில் நின்றிருந்த எனக்கு உங்கள் கால்விரல்கள்தான் தெரிந்தன.

அது நினைவுக்கு வர, பெரியவரின் கட்டைப் பிரிப்பதை நிறுத்தினேன். டாக்டரைக் கேட்டு வலி மருந்து கொடுத்து, துணியை நனைத்து, அரை மணி நேரம் காத்திருந்தேன். மற்ற வேலையெல்லாம் பிந்திவிட்டது. மேலதிகாரிக்குக் கோபம். நடந்ததை யோசித்து, அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று எழுதச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். இங்கே அது வழக்கம். மன்னிப்பை எதிர்பார்த்திருப்பார். "இன்னும் சீக்கிரமே நிறுத்துவேன்" என்று எழுதினேன். திருப்பிக் கொடுத்தார். அதையே மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை தாள் கொடுத்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

சாத்தூர் சேவு கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "நல்லா இருக்கோம்" என்று சொல்லும்போது உங்கள் கால்விரல்களையும் காட்டுங்கள். என்னுடையதைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்
இசைவாணி