குசினி நிலத்தின் இரண்டு குறைகள்

1996 நவம்பர் 12, செவ்வாய்

எழுத வேண்டியவை:
1. வாசலடி ரைல் கல் ஒன்று உயர்ந்து நிற்பது.
2. ரைல் இடுக்குகளில் சாந்து உதிர்வது.
3. செல்வம் முகம் கொடுக்காமல் போனது.

போன கிழமை நான் சமைக்கிற குசினி நிலத்துக்கு ரைல் பதித்த செல்வத்தை இன்று திரும்பக் கூப்பிட்டேன். நேரே சொல்லப் பயந்து, முதல் இரண்டு குறைகளையும் தாளில் எழுதி நீட்டினேன்.

"என்ன அங்கிள், சோதினைப் பேப்பர் திருத்தியிருக்கிறியளோ?" என்று சிரித்தார். வாசலடியைத் தடவிப் பார்த்து, "ஓம், உது என்ரை பிழைதான்" என்றார். சாந்தைச் சுரண்டியதும் சிரிப்பு நின்றது.

"ஒரு வீட்டிலையும் இப்பிடி உதிரேல்லை. தண்ணி ஏதும் ஊத்தினனீங்களோ?"

"இல்லை" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் முழந்தாளில் நின்று இரண்டையும் திருத்தினார். வேலை நடந்த மூன்று நாளும் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தவர், இன்று வேண்டாம் என்று போய்விட்டார். அந்த மூன்று நாளும்தான் இந்த வீட்டில் இரண்டு கோப்பை கழுவினேன்.

போன கிழமை வேலை முடித்துப் போகும்போதே, மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று அவர் சொல்லித்தான் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி இருந்த காலத்துப் பழக்கத்தில், விளக்கேற்ற முன் வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது குறை பிழை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.