ரவுட்டருக்கு ஓர் உறை

ஜூன் 3, செவ்வாய்

காயத்ரிக்கு இன்றும் மீட்டிங் நடுவில் நெட் நின்றுவிட்டது. இப்படியே போனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, பெங்களூர் ஆபீஸுக்கு வந்துடு என்கிறார்களாம். கம்பெனியே ஒரு ஜிபி வேகத்தில் கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்தது. நம்ம பழைய ரவுட்டர்தான் அதில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே விடலையாம்.

அவள் போய்விட்டால் இவரை எப்படித் தூக்குவேன்? போன வருஷம் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்து, பக்கவாதத்தில் குளியலறையில் விழுந்தவர். வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. நான் தலைமாட்டில், மகள் கால்மாட்டில் – ரெண்டு பேர் இல்லாமல் புரட்டிக்கூடப் படுக்க வைக்க முடியாது.

ஜூன் 5

மெயின் பஜார் போனேன். எட்டுக் கொம்பு உள்ள ரவுட்டர் கேட்டேன். கடைக்கார சுபாஷ் சிரித்துவிட்டார். "கொம்பைப் பார்த்து வாங்க இது என்ன மாடாங்க? பின்னாடி ஒயர் சொருகுற இடம் ஜிகாபிட்டான்னு பாருங்கம்மா." எனக்கு என்ன தெரியும்? காயத்ரி போனில் சொல்லச் சொல்ல, நாலு கொம்பு உள்ளதை வாங்கி வந்தேன்.

ஜூன் 6

பறக்குது! காயத்ரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் 9

காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரித்தூசி. இந்த பிளாக்கில் உறை போடாத சாமான் எந்த வீட்டில் இருக்கு? ரவுட்டருக்கும் பழைய வெல்வெட் துணியில் ஒன்று தைத்துப் போட்டேன். கொம்புக்கு நாலு ஓட்டை. அழகாகத்தான் இருக்கு.

ஜூன் 12

ஐயோ. காயத்ரியோட வெளிநாட்டுக்காரங்க மீட்டிங்ல நெட்டு போய்ப் போய் வந்துச்சு. உறையைத் தூக்கினா ரவுட்டர் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. காத்து போற ஓட்டையெல்லாம் என் துணி அடைச்சிருக்கு. எவளாவது இப்படிச் செய்வாளா? திட்டுடின்னேன். "விடும்மா, நீ என்ன தெரிஞ்சா செஞ்சே"ன்னுட்டு உள்ளே போயிட்டா. நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலை.

ஜூன் 13

ஒன்றாம் தேதி ஆபீஸில் இருக்கணுமாம்.

ஜூன் 20

உங்க மேனேஜர்கிட்ட நான் பேசறேன், தப்பு என்னுதுதானே என்றேன். வேணாம்மா, சிரிப்பாங்க என்றாள். இவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். வாய் குழற, "போகட்டும்" என்றார். போகட்டுமாம்! முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்ய?

ஜூலை 4

நெட் இப்போது நிற்பதே இல்லை. மத்தியானம் காயத்ரி வீடியோவில் வந்தாள். நெற்றியில் புதுசாக ஒரு பரு, அதுகூடத் தெரிகிறது. "அப்பாவைப் புரட்டிப் படுக்க வெச்சியாம்மா?" என்றாள்.

"பக்கத்து வீட்டு சந்திரகலா வந்து பிடிச்சாடி. நீ சாப்பிடு" என்றேன்.

சந்திரகலா ஊருக்குப் போயிருக்கிறாள். இவர் காலையிலிருந்து ஒரே பக்கமாகத்தான் படுத்திருக்கிறார்.